நரம்புக்குக் குப்பனூர் சாலை இல்லை

கனமழையில் மலைப்பாதையில் மண் சரிந்தால் ஏற்காடு என்ன பாடுபடும் என்பது சேர்வராயன் மலைக்காரர்களுக்குத் தெரியும். இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டித்தான் அரிசியும் கேஸ் சிலிண்டரும் மருந்தும் மேலே ஏறவேண்டும். காப்பிக்கொட்டையும் மிளகும் கீழே இறங்கவேண்டும். அடிவாரம் வழி அடைபட்டால் வண்டிகள் குப்பனூர் சாலையில் சுற்றிக்கொண்டு வரும். தாமதமானாலும் சரக்கு வந்து சேர்ந்துவிடும்.

நம் நரம்புகளுக்குள்ளும் இரவு பகலாகச் சரக்குப் போக்குவரத்து நடக்கிறது. அங்கே சுற்றுவழி கிடையாது.

ஒரு மீட்டர் நீளப் பாதை

கால் விரலை அசைக்கும் தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்புச் செல்லின் உடல் இடுப்புக்கு மேலே தண்டுவடத்தில் இருக்கிறது. அதிலிருந்து கிளம்பும் ஆக்ஸான் என்ற மெல்லிய இழை பாதம்வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீள்கிறது. அந்த இழைக்கு வேண்டிய புரதங்களில் பெரும்பாலானவை செல் உடலில்தான் தயாராகின்றன. அங்கிருந்து கடைக்கோடிவரை யாராவது சுமந்துபோக வேண்டும்.

சுமக்கும் வேலையைச் செய்பவை மூலக்கூறு மோட்டார்கள். 1985இல் ரொனால்ட் வேல், மைக்கேல் ஷீட்ஸ், தாமஸ் ரீஸ் ஆகியோர் கணவாய் மீனின் பெரிய நரம்பை ஆராய்ந்தபோது ‘கினேசின்’ என்ற மோட்டார் புரதத்தைக் கண்டறிந்தார்கள். நுண்குழல் என்னும் தண்டவாளத்தின் மேல் அது இரண்டு கால்களால் நடக்கிறது. ஓர் அடி 8 நானோமீட்டர். ஒரு மீட்டரைக் கடக்க 12.5 கோடி அடிகள். விநாடிக்கு ஒரு மைக்ரோமீட்டர் வேகத்தில் நிற்காமல் போனாலும் சரக்கு பாதத்துக்குச் சேரப் பதினொரு நாளுக்கு மேல் ஆகும். திரும்பும் வழியில் கழிவையும் நுனியிலிருந்து வரும் செய்தியையும் ‘டைனின்’ என்ற இன்னொரு மோட்டார் இழுத்துவருகிறது.

மும்பை ஆய்வகத்துப் புழுக்கள்

இந்தப் போக்குவரத்தைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருபவர் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் சந்தியா கௌஷிகா. அவர் பயன்படுத்தும் சி. எலிகன்ஸ் புழுவின் நீளம் ஒரு மில்லிமீட்டர். நரம்புச் செல்கள் 302. உடம்பு கண்ணாடிபோல இருப்பதால், உயிரோடு இருக்கும் புழுவின் நரம்புக்குள்ளேயே சரக்கு ஓடுவதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். 2018இல் அவரது குழு வெளியிட்ட ஆய்வு, ஆக்ஸானின் சில இடங்களில் சரக்குகள் குவிந்து நெரிசல் உண்டாவதைக் காட்டியது. அந்தப் புழுவில் ‘அன்க்-104’ என்ற மோட்டார் கெட்டால் அதன் அசைவே தடுமாறும். மனிதரில் அதற்கு இணையான ‘கிஃப்1ஏ’ மரபணு பழுதானால் குழந்தைகளுக்கே நரம்பு நோய் வருகிறது.

பாதை கெடும் விதங்கள்

2001இல் ஷெர்மலி குணவர்தனவும் லாரன்ஸ் கோல்ட்ஸ்டீனும் பழ ஈக்களில் ஒரு சோதனை செய்தார்கள். மறதியைக் கொண்டுவரும் அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டுக்கு மூலமான புரதத்தை ஈக்களில் மிகுதியாக்கியபோது ஆக்ஸான்களில் சரக்கு தேங்கியது. நரம்புச் செல்களும் மடிந்தன. அல்சைமரில் தண்டவாளத்தோடு ஒட்டியிருக்க வேண்டிய டாவ் புரதம் கழன்று முடிச்சாகத் திரள்கிறது. தசைகளை முடக்கும் ஏ.எல்.எஸ். நோயாளிகள் சிலரிடம் ‘கிஃப்5ஏ’ என்ற கினேசின் மரபணுவில் பழுது இருப்பது 2018இல் தெரியவந்தது. சில நோய்களில் இந்த அடைப்பே காரணம். சிலவற்றில் நோயின் விளைவு. எப்படியானாலும் பாதிப்பது நரம்பைத்தான்.

நம் மண்ணில் பூக்கும் இரண்டு செடிகள்

நோய் மட்டுமல்ல, சில வேதிப்பொருள்களும் இந்தத் தண்டவாளத்தைக் கெடுக்கும். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளில் கோல்ச்சிசின் என்ற வேதிப்பொருள் உண்டு. கௌட் மூட்டுவலிக்கு மருந்தாகும் அது, நுண்குழல்கள் உருவாவதைத் தடுக்கக்கூடியது. கண்வலிக்கிழங்கு எனப்படும் அதன் கிழங்கைத் தின்றால் உயிருக்கே ஆபத்து. யாராவது தின்றுவிட்டால் உடனே 108ஐ அழையுங்கள்.

நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டின் புற்றுநோயைத் தாக்கும் மருந்து. அதுவும் நுண்குழல்களைக் குலைப்பதால், சிகிச்சையின்போது சிலருக்குக் கைகால் மரத்துப்போகிறது. அப்படி நேர்ந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்; மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

• நாற்பது ஆண்டு நடந்த எஸ்டேட் பாதையில் வழி தவறுவது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, காசுக் கணக்கில் குழம்புவது.
• சும்மா இருக்கும்போது கை நடுங்குவது, நடை மெதுவாவது, கையெழுத்து சிறுத்துப்போவது.
• பாதம் எரிவது, மரத்துப்போவது, செருப்பு கழன்றதே தெரியாமல் நடப்பது.
• கை கால் வலுவிழப்பது, தசை துடிப்பது, பேச்சு குழறுவது.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 7.4 விழுக்காட்டினர் டிமென்ஷியா என்னும் மறதிநோயோடு வாழ்வதாக 2023இல் வெளியான நாடளாவிய ஆய்வு மதிப்பிடுகிறது. “வயசானா அப்படித்தான்” என்று விட்டுவிடக் கூடாது. வைட்டமின் பி12 குறைவும் தைராய்டு குறைவும் மறதியைக் கொண்டுவரும். அவற்றைச் சரிசெய்ய முடியும்.

நம்மால் ஆவது

அல்சைமரை முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் உலகில் ஏறக்குறைய 45 விழுக்காடு டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்கிறது 2024இன் லான்செட் ஆணைய அறிக்கை. ரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வையுங்கள். புகையையும் மதுவையும் விடுங்கள். காது மந்தமானால் கருவி பொருத்துங்கள். கண்புரையைத் தள்ளிப்போடாதீர்கள். தினமும் நடங்கள், நாலு பேரோடு பேசுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் வீட்டுக்கு வரும்போது ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். முதியோர் உதவிக்கு 14567 என்ற எண் இருக்கிறது.

சர்க்கரை நோய் முதலில் தாக்குவது நீளமான நரம்புகளை. அதனால்தான் பாதத்தின் நுனியில் முதல் மரப்பு தெரிகிறது. இன்றிரவு உங்கள் வீட்டுப் பெரியவரின் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். தொடுவது தெரிகிறதா என்று கேளுங்கள்.