காணி நிலம் எவ்வளவு?

கொல்கத்தாவின் தென்மேற்கே, ஹூக்ளி ஆற்றின் கரையில் அமைந்தது கார்டன் ரீச். ஆறு ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் இடையே நீண்டு செல்லும் பகுதியை ஆங்கில மாலுமிகள் ‘ரீச்’ என்று அழைத்தனர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியச் செல்வர்கள் இக்கரையில் தோட்ட வீடுகள் அமைத்து வாழ்ந்தமையால், தோட்டங்கள் சூழ்ந்த ஆற்றங்கரை என்னும் பொருளில் இப்பெயர் நிலைத்தது. இன்று அத்தோட்டங்கள் இல்லை. 1955-இல் உருவான தென்கிழக்கு ரயில்வேயின் தலைமை அலுவலகமும், 1960-இல் மத்திய அரசு ஏற்றுக்கொண்ட கப்பல் கட்டும் நிறுவனமும், துறைமுகமுமே இப்பகுதியின் அடையாளங்கள். இத்தகைய அலுவலகங்களிலும் பட்டறைகளிலும் உழைத்துத் தலை நரைத்த நம்மவர்கள், ஓய்வு பெறும் நாள் நெருங்க நெருங்க, ஒரு கேள்வியைத் தமக்குள் கேட்டுக்கொள்கிறார்கள். ஊர்ப்பக்கம் போய்க் கொஞ்சம் நிலம் வாங்கி அமைதியாக இருந்தால் என்ன? வாங்குவதானால் எவ்வளவு வாங்குவது?

முதற் கேள்விக்கு மனம் விடை சொல்லிவிடும். இரண்டாவதற்குக் கணக்குத்தான் விடை சொல்ல வேண்டும். ஆனால் நம்மில் பலர் இரண்டுக்குமே மனத்தையே கேட்கிறோம். அறுபதாம் வயதில் பணிக்கொடையும் சேமநல நிதியும் ஒருசேரக் கைக்கு வருகின்றன. அவ்வளவு பெரிய தொகையை வாழ்நாளில் ஒரு முறைதான் காண்கிறோம். அதை நிலத்தில் தவறாகப் போட்டுவிட்டால், திருத்திக்கொள்ள இன்னொரு முப்பத்தைந்து ஆண்டுப் பணி நமக்குக் கிடைக்கப் போவதில்லை. ஆகையால் இதனைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

ஓய்வூதியத்தில் வாழ்ந்த ஒருவரின் வரலாறு இந்தக் கார்டன் ரீச்சிலேயே இருக்கிறது. அயோத்தி அரசை 1856-இல் ஆங்கிலேயர் பறித்துக்கொண்டபின், அதன் கடைசி நவாபாகிய வாஜித் அலி ஷா இங்குள்ள மேட்டியாபுருஜில் வந்து தங்கினார். அவருக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு இலட்சம் ரூபாய் உதவித் தொகை கிடைத்தது. அக்காலத்தில் அது மாபெருந்தொகை. எனினும் அவர் இழந்த லக்னோவையே இவ்வாற்றங்கரையில் மீண்டும் எழுப்ப முயன்றார். மாளிகைகள், தோட்டங்கள், விலங்குக் கூடம் எனச் செலவு வளர்ந்தது, கடனும் வளர்ந்தது. 1887-இல் அவர் மறைந்தபின் அவ்வுடைமைகள் சிதறிப்போயின. அவர் கட்டிய இமாம்பாரா போன்ற சிலவே இன்று எஞ்சியுள்ளன. நவாபுக்கும் நமக்கும் செல்வத்தில் ஒப்புமை இல்லை. ஆனால், விட்டு வந்த ஊரை விலை கொடுத்துத் திரும்பப் பெற்றுவிடலாம் என்னும் ஆசை இருவர்க்கும் பொதுவே. அந்த ஆசைதான் அரை ஏக்கர் போதும் என்ற இடத்தில் ஐந்து ஏக்கர் கேட்கிறது.

அளவை முதலில் தெளிவாக்கிக் கொள்வோம். வங்காளத்தில் நெடுநாள் வாழ்ந்த நமக்குக் கட்டாவும் பிகாவும் பழகிய சொற்கள். ஒரு கட்டா 720 சதுர அடி. இருபது கட்டா ஒரு பிகா. அதாவது 14,400 சதுர அடி. தஞ்சைப் பக்கத்தில் பன்னிரண்டடிக் கோலால் அளந்த குழி 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா. எனவே ஒரு மாவும் 14,400 சதுர அடியே! தொண்டை நாட்டுக் காணியோ இருபத்து நான்கு மனை கொண்டது. மனை ஒன்று 2,400 சதுர அடி. ஆகக் காணி 57,600 சதுர அடி. சரியாக நான்கு பிகா. இன்றைய கணக்கில் அது 132 சென்ட், அதாவது ஒன்றேகால் ஏக்கருக்குச் சிறிது மேல். வங்காளத்தார் ‘டெசிமல்’ என்பதும் நாம் ‘சென்ட்’ என்பதும் ஒன்றுதான். ஏக்கரில் நூற்றில் ஒரு பங்கு, 435.6 சதுர அடி. பட்டாவில் மட்டும் ஹெக்டேரும் ஏரும் வரும். ஓர் ஏர் என்பது ஏறத்தாழ இரண்டரை சென்ட். இவ்வளவும் தெரிந்திருந்தால், தரகர் சொல்லும் அளவை உள்ளங்கையிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

இனி, கணவனும் மனைவியும் மட்டும் இருக்கும் ஒரு குடும்பத்தின் தேவையைப் பார்ப்போம். வீடும் முற்றமும் கிணறும் சேர்ந்து ஆறு சென்ட் போதும். காய்கறித் தோட்டம் எவ்வளவு? ஐந்து பேர் கொண்ட குடும்பத்திற்கு 200 சதுர மீட்டர், அதாவது ஐந்து சென்ட், போதுமென்று வேளாண்துறையார் கூறுவர். இருவருக்கும் வந்து போகும் விருந்தினர்க்கும் அது தாராளமாகும். நாளொன்றுக்கு ஒரு தேங்காய் வேண்டுமானால் ஆண்டுக்கு 365 காய்கள். நன்கு பேணப்பட்ட மரம் ஆண்டுக்கு எண்பது காய்க்குக் குறையாமல் தரும். ஆகவே ஐந்து மரங்கள் போதும். இருபத்தைந்தடி இடைவெளியில் ஓர் ஏக்கரில் எழுபது மரங்கள் நிற்கும். ஐந்து மரங்களுக்கு ஏழு சென்ட் ஆகிறது. மா, கொய்யா, எலுமிச்சை, வாழை, முருங்கை ஆகியவற்றுக்கு எட்டு சென்ட். வழிக்கும் எருக்குழிக்கும் நான்கு சென்ட். ஆக முப்பது சென்டில் ஒரு நிறைவான வீடும் தோட்டமும் அமைந்துவிடுகின்றன.

பசு வேண்டுமென்பார் உண்டு. ஒரு பசுவுக்கு நாளொன்றுக்கு இருபத்தைந்து கிலோ பசுந்தீவனம் வேண்டும். நீர்ப்பாய்ச்சலுள்ள பத்து சென்டில் நல்ல தீவனப்புல் இட்டால் அதனைப் பெறலாம். ஆனால் பசுவை வைத்திருப்பவர் ஒரு நாள்கூட வெளியூர் போக முடியாது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். நெல்லும் வேண்டுமா? இருவருக்கும் விருந்தினர்க்கும் ஆண்டுக்கு நானூறு கிலோ அரிசி. அதற்கு அறுநூறு கிலோ நெல். ஏக்கருக்கு இரண்டு டன் விளைந்தால் முப்பது சென்ட் வயல் தேவை. எல்லாம் கூட்டினாலும் எழுபது சென்டே ஆகிறது. பாரதியார் பராசக்தியிடம் கேட்டது ஒரு காணி. அதுவே நமக்கு மேலெல்லை என்று கொண்டால், அந்த எல்லைக்குள்ளேயே பாதி நிலம் மிச்சமாகிறது! ஆனால் முப்பது சென்ட் வயலுக்கு நடவாளும் அறுவடை இயந்திரமும் வருவது எளிதன்று. அரிசியைக் கடையில் வாங்கிக்கொள்வதே அறிவுடைமை.

நிலத்தின் அளவை உண்மையில் தீர்மானிப்பது நீர். கொல்கத்தாவில் ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. தமிழ்நாட்டின் சராசரி 900 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கிறது. அதிலும் ஏறக்குறையப் பாதி, ஐப்பசி கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் பெய்து ஓய்ந்துவிடுகிறது. இங்கே குளமும் குட்டையும் நிறைந்திருக்கக் கண்ட கண்கள் அங்கே ஏமாறுதல் கூடும். ஒரு நிலத்தை ஐப்பசியில் பார்த்து வாங்கக் கூடாது. சித்திரை வைகாசியில் பார்த்தே வாங்க வேண்டும். கோடையில், பயிர் நிற்கும் ஒரு சென்ட் நிலத்திலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 லிட்டர் நீர் ஆவியாகிறது. அப்படியானால் முப்பது சென்டுக்கு 6,000 லிட்டர். ஓர் ஏக்கருக்கு 20,000 லிட்டர். ஐந்து ஏக்கருக்கு ஓர் இலட்சம் லிட்டர். மணிக்கு 2,000 லிட்டர் தரும் ஆழ்குழாய்க் கிணறு முப்பது சென்டை மூன்று மணி நேரத்தில் நனைத்துவிடும். ஐந்து ஏக்கருக்கு அதனை இரவு பகலாக இரண்டு நாள் ஓட்டினாலும் ஒரு நாள் தேவை நிறைவேறாது. அக்கம்பக்கத்துக் கிணறுகள் சென்ற கோடையில் எந்த ஆழத்தில் நின்றன என்று ஊராரைக் கேட்டறிவது, நிலத்தின் விலையைக் கேட்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை.

நீருக்கு அடுத்தது உழைப்பு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒருவர் சாகுபடி செய்யும் நிலம் சராசரியாக 0.75 ஹெக்டேர், ஏறக்குறைய 1.85 ஏக்கர். பிறந்தது முதல் மண்வெட்டி பிடித்தவர்களே இவ்வளவில் திணறுகிறார்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் பேனாவோ திருகுசாவியோ பிடித்த நாம், அறுபதுக்குமேல் ஐந்து ஏக்கரைக் கட்டி மேய்ப்பது எங்ஙனம்? சதுரமான ஐந்து ஏக்கருக்கு வேலி மட்டும் 1,867 அடி. அரை ஏக்கருக்கு 590 அடி. காலையில் ஒரு நடையில் சுற்றி வந்து, சாய்ந்த கொம்பை நிமிர்த்தி, பழுதான குழாயைக் கண்டுகொள்ளக் கூடிய அளவே நம்முடைய நிலம். அதற்கு மேற்பட்டது பிறர் கையை நம்பியிருப்பது. உரியவன் சென்று பாராவிடில் நிலம் மனைவியைப்போல் ஊடிவிடும் என்று வள்ளுவர் உழவு அதிகாரத்தில் சொன்னது, ஊரை விட்டு 1,660 கிலோமீட்டருக்கு அப்பால், ஹௌராவிலிருந்து சென்னைக்கு ரயிலேற வேண்டிய நமக்கே மிகவும் பொருந்தும்.

‘இப்போதே வாங்கிக் குத்தகைக்கு விட்டுவிடலாம், ஓய்வு பெற்றபின் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று நினைப்போரும் உண்டு. 1955-ஆம் ஆண்டுச் சட்டம் சாகுபடிக் குத்தகைதாரரை நினைத்தபோது வெளியேற்ற முடியாதபடி பாதுகாக்கிறது. 1969-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுடைய குத்தகை உரிமையைப் பதிவு செய்ய வழிசெய்தது. உழுதவனுக்கு அது நியாயமான பாதுகாப்பே. ஆனால், பத்தாண்டு கழித்துத் திரும்பி வந்து ‘நானே உழுகிறேன்’ என்று சொல்வது எளிதாக இராது என்பதையும் அறிந்தே வாங்க வேண்டும்.

பத்திர விஷயத்தில் அவசரம் ஆகாது. மூலப் பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம் ஆகிய யாவும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பட்டாவில் உள்ள அளவும் தரையில் உள்ள அளவும் ஒன்றா என்று நில அளவரைக் கொண்டு கல் நாட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். பத்திரச் செலவு வேறு இருக்கிறது. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் 2 என மொத்தம் 9 ரூபாய். நிலத்துக்குப் பொதுவழி உண்டா என்பது முக்கியம். பிறர் வயல் வரப்பு வழியே போகும் நிலம், நாம் இருக்கும்வரை தொல்லை. நமக்குப்பின் விற்கவும் தொல்லை. நன்செய் நிலத்தில் நினைத்தபடி வீடு கட்ட இயலாது, அனுமதி வேண்டும். ஆதலின், ஊர் நத்தத்தில் ஒரு வீடும் நடந்து செல்லும் தொலைவில் ஒரு சிறு தோட்டமுமாக அமைத்துக்கொள்வது பலர்க்கு உகந்தது. அயலார் இருப்பர்; பேருந்து நிற்கும்; இரவில் நெஞ்சு வலித்தால் குரல் கொடுக்க ஆள் கிடைக்கும்.

இறுதியாகப் பணம். நிலம் ஆபத்துக்கு உதவும் என்பது உண்மையே. ஆனால் உடனே உதவாது. மருத்துவமனை இன்று பணம் கேட்கும். நிலத்தை வாங்க ஆள் வர ஆறு மாதமாகலாம். ஓய்வுத் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மண்ணில் போடாதிருப்பது நல்லது என்பது நம் கருத்து. 2004-ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தோரின் ஓய்வூதியம் சந்தாத் திட்டங்களைச் சார்ந்தது. அவர்கள் மேலும் கருத்தாக இருக்க வேண்டும். பத்திரத்தைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதுவதும், உயில் எழுதி வைப்பதும் பின்னாளில் பல இடர்களைத் தவிர்க்கும். இங்கே பிறந்து, வங்காளி பேசி வளர்ந்த பிள்ளைகளிடம் முன்னரே மனம் விட்டுப் பேசுவதும் அவசியம். அவர்கள் அந்த ஊருக்கு வந்து வாழப்போவதில்லை என்றால், அவர்கள் பெயரைச் சொல்லி இரண்டு ஏக்கர் கூடுதலாக வாங்குவதில் பொருளில்லை.

இவையெல்லாம் தெரிந்தபின்னும் ஒரு சோதனை எஞ்சியிருக்கிறது. வாங்குவதற்கு முன், அவ்வூரில் ஓராண்டு வாடகைக்குக் குடியிருந்து பாருங்கள். ஒரு கோடை, ஒரு மழைக்காலம், ஒரு திருவிழா, ஒரு காய்ச்சல் ஆகியவை கடந்து போகட்டும். நாற்பது ஆண்டுக்குமுன் நாம் விட்டு வந்த ஊர் அங்கே இராது. நம்மோடு படித்தவர்கள் சிலர் இருக்கமாட்டார்கள். இருப்பவர்களுக்கும் நம்மை நினைவிராது. அதையறிந்த பின்னும் அந்த மண்ணில் மனம் நிலைத்தால், தயங்காமல் வாங்கலாம். முப்பது சென்டில் தொடங்கலாம். நீரும் உடலும் இடம் கொடுத்தால் ஐம்பதாக்கலாம். காணிக்கு மேல் வேண்டுவதில்லை. அகல உழுவதிலும் ஆழ உழுவது நன்று என்று நம் முன்னோர் சொன்னது ஏருக்கு மட்டும் அன்று. ஓய்வுக் காலத்துக்கும் பொருந்தும்.