கல்லுப்பட்டியில் ஒரு கிறிஸ்தவர்

போஜனத்துக்கு முன் கண்மூடிக் கடவுளுக்கு நன்றி செலுத்துவது கிறிஸ்தவ இல்லங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் வழக்கம். நல்ல வழக்கமே. ஆயினும் அந்த நன்றி எங்கே போய் முடிகிறது? கடவுளோடு நின்றுவிடுகிறதா, அல்லது உழுதவன், கதிரறுத்தவள், உமி போக்கிக் கொடுத்தவள் வரையில் இறங்கி வருகிறதா? இக்கேள்வியைத் தம் வாழ்நாளெல்லாம் விடாது கேட்டு, பிறரையும் கேட்கச் செய்த பெரியார் ஒருவர், விருதுநகருக்கு வடமேற்கே, திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் செல்லும் சாலையிலுள்ள டி. கல்லுப்பட்டியில் காந்தி நிகேதன் ஆசிரமத்துக் குடிசையொன்றில் தம் கடைசி வருஷங்களைக் கழித்தார். ஜே. சி. குமரப்பா என்ற அவரைத் தேச ஊழியர்கள் பொருளாதார நிபுணரென்று அறிவார்கள். அவர் கிறிஸ்தவர் என்பதை மட்டும் பலர் மறந்துவிடுகிறார்கள். கிறிஸ்தவர்களிலும் மறந்தவர் உண்டு.

1892 ஜனவரி 4ந் தேதி தஞ்சையில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று, பம்பாயில் அத்தொழிலை நடத்தி, அமெரிக்கா சென்று கொலம்பியா சர்வகலாசாலையில் பொருளாதாரம் படித்தார். இந்தியாவின் வறுமைக்கும் ஆங்கில ஆட்சியின் வரவு செலவுக்கும் உள்ள உறவை அங்கே ஆராயப் புகுந்ததே அவர் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. 1929ல் சபர்மதியில் காந்தியடிகளைக் கண்டார். சீமை உடுப்பும் சீமைப் பெயரும் அவரை விட்டுப் போயின. முன்னோர் வழிப் பெயரான குமரப்பா நிலைத்தது. மதத்தை அவர் விடவில்லை. கிறிஸ்துவைப் பின்பற்றுவதற்கு ஐரோப்பியன் போல் உடுக்கவும் உண்ணவும் அழைக்கப்படவும் வேண்டுமென்ற விதி எங்கும் இல்லையென்பதே அவர் கட்சி.

1930ல் சட்டமறுப்பு நடந்தபோது, அது கிறிஸ்துவின் போதனைக்கு ஒவ்வாதென்று கருதிய கல்கத்தாத் தலைமைப் பேராயர் வெஸ்ட்காட்டுடன் அவர் வெளிப்படையாக வாதாடினார். தீமை செய்வோனை வெறுக்காமல், தீமையை மட்டும் எதிர்த்துத் தன் உடம்பில் அடி தாங்குவது கிறிஸ்துவின் வழியல்லாமல் வேறு யாருடைய வழி என்பது அவர் வாதம். பிற்பாடு ஜபல்பூர்ச் சிறையில் இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றி ஒரு நூல் எழுதினார். அதற்கு முன்னுரை தந்தவர் காந்தியடிகள். குமரப்பாவுக்கு வேத சாஸ்திரப் பண்டிதர், கிராமக் கைத்தொழிற் பண்டிதர் என்ற இரண்டு பட்டங்களை அவர் வேடிக்கையாகவும் வேடிக்கையின்றியும் சூட்டினார். ஓர் இந்து வழங்கிய வேத சாஸ்திரப் பட்டத்தை ஒரு கிறிஸ்தவர் மகிழ்ந்து ஏற்றது நம் நாட்டில்தான் நடக்கும்!

அவருடைய இரக்கம் எத்தகையது என்பதற்குப் பீகார் சாட்சி. 1934 ஜனவரியில் அங்கே நிகழ்ந்த பூகம்பத்துக்குப் பின், நிவாரண நிதியின் கணக்கு வழக்குகள் அவர் பொறுப்பில் விடப்பட்டன. தொண்டர் ஒருவரின் சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு மூன்றணாவென்று விதித்தார். காந்தியடிகளும் பரிவாரமும் வந்தபோது பழமும் பாலுமாகச் செலவு ஏறியது. அதை நிதியிலிருந்து தர இயலாது, நீங்களே ஏற்பாடு செய்துகொள்ளுங்களென்று மகாதேவ தேசாயிடம் சொல்லிவிட்டார். ஏழைக்கென்று வந்த காசில் மகாத்மாவுக்கும் பங்கில்லை. கண்ணீர் விடுவதை இரக்கமென்று எண்ணுவோர் பலர். அவருக்கு அது ஒழுங்கான கணக்குப் புத்தகமாக இருந்தது. கல்லுப்பட்டிக் குடிசையில் காந்தியடிகளின் படத்தோடு ஓர் ஏழைக் குடியானவனின் படத்தையும் மாட்டி வைத்திருந்தார். யாரென்று கேட்டவர்களுக்கு, என் குருவுக்குக் குரு என்பதே பதில்.

நிற்க. அக்குடிசையிலிருந்து வெகு தூரமில்லை சிவகாசி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922ல் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று, மறு வருஷம் திரும்பிவந்து தொடங்கிய முயற்சி, இன்று தேசத்தின் பட்டாசில் பெரும்பகுதியை உண்டாக்கித் தருகிறது. மழை பொய்த்த கரிசல் பூமியில் கம்பும் பருத்தியும் கைவிட்ட குடும்பங்களுக்கு இத்தொழிலே சோறிட்டது. அதை இகழ்வோர் அந்த ஊர்களில் ஒரு கோடைகாலம் இருந்து பார்க்க வேண்டும். ஆயினும் அந்தச் சோற்றுக்குக் கொடுக்கும் விலையையும் பேசத்தான் வேண்டும். 2012 செப்டம்பர் 5ந் தேதி முதலிப்பட்டியில் ஓர் ஆலை வெடித்து ஏறக்குறைய நாற்பது பேர் மாண்டனர். அவர்களில் பலர் அவ்வாலையின் தொழிலாளரே அல்லர். முதற் சத்தங் கேட்டு, சிக்கினவர்களை மீட்கவும் நேர்ந்ததைக் காணவும் ஓடிவந்த அக்கம்பக்கத்தார். அடுத்து நிகழ்ந்த பெருவெடியில் அவர்களும் போயினர். உள்ளே கிடப்பவன் எந்த ஜாதி, எந்த வேதமென்று விசாரித்துவிட்டா ஓடினார்கள்? 2021 பிப்ரவரியில் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் மறுபடியும் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். உரிமத்தில் கண்டதற்கு மேல் ஆட்களை ஓரறையில் அடைப்பது, அறை போதாமல் மரத்தடியில் மருந்தைப் பரப்புவது, உரிமம் ஒருவர் பெயரிலிருக்க உள்குத்தகைக்கு வேறொருவர் நடத்துவது ஆகியவை விபத்துதோறும் விசாரணையில் வெளிவரும் பழைய கதைகள். ஆறுதல் கூறத் தலைவர்கள் வருகிறார்கள், காசோலையும் வருகிறது. மருந்தறையின் கதவை விபத்துக்கு முந்திய நாள் தட்டிப் பார்த்தவர் எத்தனை பேர்?

தென்பாண்டி நாட்டுக் கிறிஸ்தவ இல்லங்களில் கிறிஸ்துமஸ் இரவில் வாணம் கொளுத்தாத வீடு குறைவு. தீபாவளிக்கு இந்து கொளுத்துகிறான். தேர்தலில் வென்ற கட்சிக்காரன் இருவரையும் மிஞ்சிக் கொளுத்துகிறான். பொருளை வாங்குகிறவன் அது உண்டான விதத்துக்கும் பொறுப்பாளி என்பது குமரப்பா ஓயாது போதித்த பாடம். விலை கொடுத்ததோடு கடன் தீர்ந்ததென்று அவர் ஒப்பமாட்டார். அவர் இருந்திருந்தால், காசைக் கரியாக்காதே, வாணமே வேண்டாமென்றுகூடச் சொல்லியிருப்பார். இவ்விடத்தில் நாம் அவரோடு முழுதும் செல்ல இயலவில்லை. வாங்குவதை நிறுத்திக் கையைக் கழுவிக்கொள்வது நமக்கு எளிது. திருத்தங்கலில் சரம் பின்னும் பெண்ணுக்கு அன்று அடுப்பெரியாது. அவளுக்கு நாம் பட்ட நன்றிக்கடன், அவள் மாலையில் உயிரோடு வீடு திரும்புவதற்கு வேண்டியதைக் கேட்டுப் பெற்றுத் தருவதாகவே இருக்க முடியும்.

சபைகளில் வருஷந்தோறும் அறுப்பின் பண்டிகை நடக்கிறது. முதற்பலனென்று விசுவாசிகள் கொண்டுவரும் தானியத்தையும் கோழியையும் காயையும் ஏலம் விடுகிறார்கள். பட்டாசுக் கூலியே அறுவடையாகிவிட்ட ஊர்களில் அந்த ஏலத்தொகையில் ஒரு பங்கு விபத்தில் தாயையோ தகப்பனையோ இழந்த பிள்ளைகளின் படிப்புக்கென்று ஒதுக்கப்படுமானால், அப்பிள்ளை கோயிலுக்குப் போவதா, பள்ளிவாசலுக்குப் போவதா, மாதா கோவிலுக்குப் போவதா என்று பாராமல் கொடுக்கப்படுமானால், எந்தச் சபைச் சட்டமும் தடுக்காது. உரிமம் யார் பெயரில், அறைக்கு எத்தனை பேர், காப்பீடு உண்டா என்று விசாரிக்கச் சபையாரில் இரண்டு பேரும், ஊர்ப் பொதுவில் இரண்டு பேரும் சேர்ந்து நியமிக்கப்படலாம். தேச ஊழியர்கள் அவர்களோடு நடக்கலாம். வரவு செலவை மட்டும் பீகாரில் குமரப்பா எழுதியதைப் போல், மூன்றணாவும் பிசகாமல் எழுதி, ஞாயிறுதோறும் கோவில் வாசலில் எல்லோரும் படிக்கும்படி ஒட்ட வேண்டும்.