மின்சாரக் காரின் பிரேக் எச்சரிக்கை விளக்கு

மின்சாரக் கார்களும் மின்சாரச் சரக்கு வண்டிகளும் இப்போது சிற்றூர்ச் சாலைகளிலும் ஓடத் தொடங்கிவிட்டன. என்ஜின் இல்லை, என்ஜின் ஆயில் மாற்றும் வேலை இல்லை, ஆகவே பராமரிப்பும் குறைவு என்று கருதி இவற்றை வாங்குவோர் பலர். அது பெரும்பாலும் உண்மையே. ஆனால் பிரேக்கைப் பொறுத்தவரை அந்த எண்ணம் அபாயத்தில் கொண்டுபோய் விடக்கூடும். பிரேக் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அதன் பொருள் என்ன, காரணத்தை எவ்வாறு கண்டறிவது, எதை நாமே செய்யலாம், எதை ஒர்க்ஷாப்புக்கு விட்டுவிட வேண்டும் என்பவற்றை இங்கே விளக்க விரும்புகிறோம்.

இரு வகைப் பிரேக்

மின்சாரக் காரின் வேகத்தைத் தணிக்க இரண்டு ஏற்பாடுகள் உள்ளன. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே டைனமோவாக வேலை செய்கிறது. வண்டியின் ஓட்டத்தை மின்சாரமாக்கிப் பாட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. அதனால் வேகம் குறைகிறது. மற்றொன்று, எல்லாக் கார்களிலும் உள்ள பிரேக். பெடலை மிதித்ததும் குழாயிலுள்ள பிரேக் ஆயில் அழுத்தம் பெற்று, பேட்களைக் கொண்டு டிஸ்க்கை இறுகப் பிடிக்கச் செய்கிறது.

அன்றாட ஓட்டத்தில் வேலையின் பெரும்பகுதியை மோட்டாரே செய்துவிடுவதால் பேட்கள் நெடுநாள் வருகின்றன. ஆனால் உழாத கலப்பையின் கொழுவில் துரு ஏறுவதுபோல, உபயோகம் குறைந்த டிஸ்க்கிலும் துரு ஏறுகிறது. பேட்களை நகர்த்தும் பாகங்களும் இறுகிக்கொள்கின்றன. பாட்டரி முழுவதும் நிறைந்திருக்கும்போதோ மோட்டார் பிரேக் குறைந்துவிடுகிறது. மின்சாரத்தைப் பெற்றுக்கொள்ளப் பாட்டரியில் இடமிருப்பதில்லை. மலைத் தோட்டத்தில் இரவெல்லாம் சார்ஜ் செய்து, காலையில் சுமையோடு இறங்கும் வண்டியை எண்ணிப் பாருங்கள். பல மாதங்களாக அதிகம் உழைக்காத பிரேக்கின் மீது அன்று முழுப் பொறுப்பும் விழுகிறது. ஆகவே விளக்கு எரியும்போது, “வண்டி நன்றாகத்தானே நிற்கிறது” என்று அலட்சியம் செய்வது தகாது. அது மோட்டாரின் உபயத்தால் நின்றிருக்கலாம்.

சிவப்பும் மஞ்சளும்

சிவப்பு விளக்கு எரிந்தால் முதலில் ஹாண்ட் பிரேக் முழுவதும் விடுபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விடுபட்ட பின்னும் எரிந்தால் பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம், அல்லது பிரேக் அமைப்பிலேயே கோளாறு இருக்கலாம். வண்டியை மெதுவாக ஓரங்கட்டி நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் ஓட்டிச் செல்லலாகாது.

மஞ்சள் விளக்கு பெரும்பாலும் ஏ.பி.எஸ். அமைப்பைப் பற்றியது. சாதாரணப் பிரேக் வேலை செய்யும்; ஆயினும் திடீரென்று அழுத்தி மிதித்தால் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கக்கூடும். நிதானமாக ஒர்க்ஷாப்புக்குச் செல்லலாம். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து எரிந்தாலோ, பெடல் கீழே அமிழ்ந்தாலோ, கல்போல் இறுகினாலோ, வண்டியை நிறுத்திவிடுவதே முறை.

காரணம் தேடும் வரிசை

முதலாவது, பிரேக் ஆயில். அதன் கிண்ணத்தில் மேல்கோடும் கீழ்க்கோடும் உண்டு. மட்டம் தாழ்ந்திருந்தால் பேட்கள் தேய்ந்திருக்க வேண்டும். அல்லது எங்கேனும் கசிவு இருக்க வேண்டும். சக்கரங்களின் உட்புறத்தில் ஈரம் தெரிகிறதா என்று பார்க்கலாம். காரணம் காணாமல் ஆயிலை மட்டும் ஊற்றினால் விளக்கு அணையும், கோளாறு நிற்கும். மூடியில் குறித்துள்ள வகையையே ஊற்ற வேண்டும். என்ஜின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் பாகங்கள் ஊதிக் கெட்டுவிடும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. டாட் 4 என்னும் வகை, புதிதாயிருக்கையில் 230 டிகிரி சென்டிகிரேடு வரையேனும் கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறியபின் அந்த அளவு 155 டிகிரியாகத் தாழ்ந்துவிடலாம். இறக்கத்தில் சூடேறி அது கொதித்தால் குழாயில் ஆவி நிறைந்து பெடல் அமிழ்ந்துவிடும். வண்டி குறைவாக ஓடினாலும் ஆயிலை உரிய காலத்தில் மாற்றியாக வேண்டும். பல கார்களுக்கு இது 2 ஆண்டுகள். நம் வண்டிக்கு எவ்வளவு என்பதைக் கையேட்டில் காணலாம்.

இரண்டாவது, 12 வோல்ட் சிறு பாட்டரி. இது தளர்ந்தால் பிரேக், ஏ.பி.எஸ்., ஸ்டியரிங் விளக்குகள் பலவும் ஒருசேர எரியலாம். ஈய-அமிலப் பாட்டரியானால், வண்டி ஓய்ந்திருக்கையில் சுமார் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். 12 வோல்ட்டுக்குக் கீழே போனால் அதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது, சக்கரத்தின் வேகத்தை அறியும் சென்சார். சேறு அப்பியோ, வயர் அறுந்தோ இருக்கலாம். ஸ்கேனர் கருவி எந்தச் சக்கரம் என்று காட்டிவிடும். ஆனால் சென்சார் என்று அது காட்டினாலும் பழுது வயரிலோ பேரிங்கிலோ இருக்கலாம். அவற்றைச் சோதித்த பிறகே புதிய பாகம் வாங்க வேண்டும்.

நான்காவது, தயாரிப்பிலேயே நேர்ந்த குறை. 2013 முதல் 2015 வரையிலான மாடல்களைச் சேர்ந்த 46,000-க்கு மேற்பட்ட நிஸான் லீஃப் மின்சாரக் கார்கள் 2016இல் அமெரிக்காவில் திரும்ப அழைக்கப்பட்டன. கடுங்குளிரில் பிரேக்குக்குத் துணைசெய்யும் மின்கருவியின் ரிலே உறைந்துவிடக்கூடும் என்பதே காரணம். நம் வண்டிக்கும் இவ்வாறு அழைப்பு உண்டா என்று, சேஸிஸ் எண்ணைக் கொடுத்து விற்பனையாளரிடம் விசாரிக்கலாம்.

செய்யக்கூடாதவை

ஆரஞ்சு நிற வயர்களில் உயர் மின்னழுத்தம் பாய்கிறது, அவற்றைத் தொடலாகாது. குழாயிலுள்ள காற்றை வெளியேற்றும் வேலைக்குப் பல மின்சாரக் கார்களில் ஸ்கேனர் வேண்டும். அதை வீட்டில் முயலக் கூடாது. ஸ்கேனரால் எச்சரிக்கையை அழித்துவிட்டு வேலை முடிந்ததாகக் கொள்வது எல்லாவற்றினும் தீது.

எச்சரிக்கை எதுவும் இல்லாத நாளில், வாரம் ஒருமுறை ஆளற்ற நேர்ச்சாலையில் மோட்டார் பிரேக்கைக் குறைத்து வைத்து, பெடலைச் சிலமுறை உறுதியாக மிதித்து நிறுத்தினால் டிஸ்க்கின் துரு தேய்ந்துவிடும். பிரேக் ஆயில் மாற்றிய தேதியையும், விளக்கு எரிந்த நாளையும், அப்போது பாட்டரியில் இருந்த சார்ஜையும் குறித்துவைத்தால் மெக்கானிக்கின் வேலை பாதியாகும். மின்சார வண்டி வைத்திருக்கும் அங்கத்தினர் நால்வர் சேர்ந்து ஒரு ஸ்கேனர் வாங்கிச் சங்கத்தில் வைத்தால் அனைவருக்கும் பயன்படும். கூடிச் செய்வதற்கு இது ஏற்ற காரியம். வண்டியில் ஏறுவது மூட்டைகள் மட்டுமல்ல, நம் குடும்பத்தாரும்தான் என்பதை அங்கத்தினர்கள் மனத்தில் கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்.