மலிவும் மாறுபெயரும்

திருமணக் காலம் நெருங்கிவிட்டால் நம் இல்லங்களில் முதலில் எழுவது சேலைப் பேச்சே. "காஞ்சிப் பட்டு எடுக்க வசதியில்லை, அதே மாதிரி ஒன்று கிடைத்தால் போதும்" என்பாள் தாய். அந்த "அதே மாதிரி" சேலையைத் தேடி அவள் வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. சேலத்தை அடுத்த இளம்பிள்ளையில் விசைத்தறிகள் அதனை நெய்து குவிக்கின்றன.

அசலும் சாயலும்

காஞ்சிபுரத்துக் கைத்தறியில் உடலும் கரையும் வேறு வேறு நிறமாயின், மூன்று நாடாக்களைக் கொண்டு கோர்வை முறையில் நெய்வர். நெசவாளருக்குத் துணையாக இன்னோர் ஆளும் வேண்டும். ஒரு சேலை முடியப் பல நாட்கள் செல்லும். அதே மாங்காயையும் அன்னத்தையும் ஜக்கார்டு பூட்டிய விசைத்தறி, செயற்கை இழையில் விரைவாக நெய்துவிடுகிறது. விலையும் மிகக் குறைவு.

ஏடுகள் எழுதுவதென்ன?

இதைப் பற்றிப் பத்திரிகைகளில் இருவகைக் கட்டுரைகளைக் காண்கிறோம். பண்டிகை நாட்களில், "பட்டுக்கு இணையான சேலை சில நூறு ரூபாயில்" என்ற பாங்கில் ஒன்று வரும். நிறமும் விலையும் அதில் இருக்கும். இழை எது, தறி எது என்ற விவரம் இராது. பண்டிகை கழிந்தபின், போலிகளால் கைத்தறி அழிகிறதென்று மற்றொன்று வரும். கைத்தறியாளரின் கண்ணீர் அதில் இருக்கும். விசைத்தறித் தொழிலாளியோ கள்வனைப் போல் காட்டப்படுவான்.

அவனும் ஏழையே அல்லவா? பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதிகளில், வாங்கிய முன்பணத்திற்காக ஒரே முதலாளியிடம் கட்டுண்டு உழைக்கும் குடும்பங்கள் உண்டு. சேலையின் உருவை அவன் தேர்ந்தெடுக்கவில்லை. அதற்குப் பெயர் சூட்டியவனும் அவனல்லன்.

சட்டம் சொல்வது

பருத்தியிலும் பட்டிலும் குறிப்பிட்ட சில துணி வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கும் சட்டம் 1985இல் இயற்றப்பட்டது. 1993இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் 2003இல் நடைமுறைக்கு வந்தது. காஞ்சிப் பட்டும் சேலம் வெண்பட்டும் அக்குறியீட்டைப் பெற்றுள்ளன. அது காப்பது பெயரை. மாங்காய் உரு எவருக்கும் தனியுடைமையன்று. செயற்கை இழைச் சேலையில் மாங்காய் பூப்பது பிழையன்று. அதன்மேல் "காஞ்சிப் பட்டு" என்று ஒட்டுவதே பிழை. இந்த வேறுபாட்டை எடுத்துரைக்காத செய்தியாளர், தாம் அறியாமலே அப்பொய்க்குத் துணைபோகிறார்.

நாம் செய்யத்தக்கது

சேலையின் ஓரத்திலிருந்து ஓரிழையை எடுத்துக் கொளுத்திப் பாருங்கள். தூய பட்டாயின் முடி கருகும் நாற்றம் வரும். சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாக நிற்கும். பட்டுக்குச் "சில்க் மார்க்" முத்திரையும், கைத்தறிக்குக் கைத்தறி முத்திரையும் உள்ளன. கடையில் அவற்றைக் கேட்டு வாங்குங்கள். ஏட்டில் "பட்டுக்கு இணையானது" என்று படித்தால், "எந்த இழை? எந்தத் தறி? நெய்தவருக்குக் கூலி என்ன?" என்று ஆசிரியருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள்.

வசதிக்கேற்ற சேலையை மகளுக்கு உடுத்துவது எந்தத் தாய்க்கும் இழிவன்று. அச்சேலை தன் சொந்தப் பெயரோடு வீடு வந்து சேரட்டும். மலிவு குற்றமன்று, மாறுபெயரே குற்றம்.