சோலார் போடுமுன் மீட்டர் அட்டையைப் பாருங்க!



மொட்டை மாடியில் சோலார் போட்டால் கரண்ட் பில்லே வராது என்பதுதான் இப்போது தெருவுக்குத் தெரு பேச்சு. 2024 பிப்ரவரியில் மத்திய அரசின் 'பி.எம். சூர்யா கர்' திட்டம் வந்த பிறகு, நோட்டீஸோடு வாசலுக்கே வந்து நிற்கிறார்கள். சோலார் போட்டு ஒரு வருஷம் ஓட்டிப் பார்த்தவள் என்ற முறையில் என் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன்.

எங்களுடையது கூட்டுக் குடும்பம். மொத்தம் ஒன்பது பேர், ஒரே மீட்டர். படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாருக்காக ஏ.சி. ஓடியே ஆக வேண்டும். போர் மோட்டார், கிரைண்டர், இரண்டு ஃபிரிட்ஜ் வேறு. இரண்டு மாதத்துக்கு 800 யூனிட்டுக்குக் குறையாது. பில் ஐயாயிரத்தைத் தொடும்.

3 கிலோவாட் போட்டோம். 1,95,000 ரூபாய் ஆனது. முழுப் பணத்தையும் முதலில் நாம்தான் கட்ட வேண்டும்; வேலை முடிந்து மீட்டர் மாற்றிய பிறகுதான் மானியம் பாங்க் கணக்கில் ஏறும். 1 கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றுக்கு 78,000 ரூபாய். அதற்கு மேல் எத்தனை போட்டாலும் அதே 78,000தான். ஆக, எங்கள் கைக்காசு 1,17,000.

நல்ல வெயில் நாளில் ஒரு கிலோவாட் நாலு யூனிட் தரும். மழை, மேகம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் எங்களுக்கு இரண்டு மாதத்துக்குச் சராசரி 650 யூனிட் கிடைக்கிறது. இப்போது பில் ஆயிரத்துக்குள் அடங்கிவிட்டது. வருஷம் 24,000 மிச்சம். ஐந்து வருஷத்தில் போட்ட பணம் வந்துவிடும். பேனல் 25 வருஷம் உழைக்கும்; இன்வெர்ட்டரைத்தான் இடையில் ஒரு தடவை மாற்ற வேண்டியிருக்கும்.

இதைக் கேட்டதும் திண்டுக்கல்லில் இருக்கும் என் தங்கைக்கும் ஆசை வந்துவிட்டது. "அக்கா, நானும் போடப் போறேன். வளையலை அடகு வெச்சா ஆச்சு" என்றாள். "முதல்ல மீட்டர் அட்டையை எடுடி" என்றேன். அவர்கள் மூன்றே பேர். இரண்டு மாதத்துக்கு 280 யூனிட். பில் அறுநூறு ரூபாய் சொச்சம்!

விஷயம் இங்கேதான் இருக்கிறது. 2024 ஜூலை கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த நூறு, யூனிட் இரண்டரை ரூபாய்க்கும் குறைவு. 400 வரை ஐந்து ரூபாய்க்குள். ஆனால் 500-ஐத் தாண்டினால் அந்த இரண்டாவது நூறின் சலுகையும் போய், தாண்டிய யூனிட் எட்டு ரூபாய்க்கு மேல். 600-க்கு அப்பால் ஒன்பது ரூபாய்க்கு மேல். சோலார் எங்களுக்கு மிச்சம் பிடித்துத் தருவது இந்த விலை உயர்ந்த யூனிட்டை. தங்கைக்கோ ஏற்கெனவே மலிவாக வரும் யூனிட்டை!

பில்லே கட்டாவிட்டாலும் அவளுக்கு வருஷம் மிச்சம் 3,600 ரூபாய்தான். 1,17,000 ரூபாய்க்கு நகையை வைத்தால், நூற்றுக்கு ஒன்பது வட்டி என்றாலும் வருஷ வட்டியே பத்தாயிரத்தைத் தாண்டும்.

"அப்போ பில்லே வராதுன்னு அந்த ஆளு சொன்னது பொய்யாக்கா?"

"பொய்யில்லடி. வராதுதான். ஆனா உனக்கு வர்ற பில்லே அவ்வளவுதானே!"

வளையல் அவள் கையிலேயே இருக்கிறது.

போட நினைக்கும் சகோதரிகள் இதையும் கவனியுங்கள். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி, நிழல் விழாத இடம் வேண்டும். தண்ணீர்த் தொட்டி, தென்னை மரம் எந்தப் பக்கம் நிழல் தரும் என்று காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் மாடி ஏறிப் பாருங்கள். பாட்டரி இல்லாத சோலாரில், ஊரில் கரண்ட் போனால் உங்கள் வீட்டிலும் போய்விடும். லைனில் வேலை பார்ப்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. மானியம் வேண்டுமென்றால் பதிவு பெற்ற நிறுவனம்தானா, இந்தியத் தயாரிப்பு பேனல்தானா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். தூசி படிந்தால் உற்பத்தி குறையும். வெயில் ஏறுமுன் தண்ணீர் விட்டுத் துடைத்தால் போதும்.

பக்கத்து வீட்டு மாடியைப் பார்த்து முடிவெடுக்காமல், நம் வீட்டு அட்டையில் உள்ள கடைசி ஆறு பில்லைக் கூட்டிப் பார்த்து முடிவெடுப்போமே!

- ஓர் இல்லத்தரசி, மதுரை.