சாற்றினுள்ளும் நீர் உண்டு



வட இந்திய நகரங்களில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில், பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் நாகபுரி ஆரஞ்சு மலிவாகக் கிடைக்கும்பொழுது, சாறு பிழிந்து கோடைக்கென ஸ்குவாஷ் தயாரித்து வைக்கும் வழக்கம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நானும் அதில் இறங்கினேன். மே மாதத்து இரவொன்றில் சமையலறையில் ஒரு பாட்டில் வெடித்தது. மறுநாள் எஞ்சியவற்றைத் திறந்து பார்த்தோம்; அனைத்தும் நுரைத்துப் புளித்திருந்தன. பாட்டில்களைச் சரிவரக் கழுவவில்லை என்று வீட்டில் ஒரு கட்சி; எனக்கோ கணக்கின்மீது ஐயம். கலைப் பட்டதாரியாகிய நான் கணக்கை ஐயுறுவதற்கு வேண்டிய காரணம் எப்பொழுதும் உண்டு.

ஸ்குவாஷில் பழச்சாறு 25 விழுக்காட்டுக்குக் குறையலாகாது, கரைந்துள்ள திடப்பொருள் 40 விழுக்காட்டுக்குக் குறையலாகாது என்பது 1955 ஆம் ஆண்டின் பழப்பொருள் ஆணை முதலாக வந்துள்ள விதி. வீட்டில் 45 என்று வைத்துக்கொள்வது நல்லது. நான் 4 கிலோ ஸ்குவாஷ் வேண்டுமென எண்ணி, சர்க்கரையும் சிட்ரிக் அமிலமுமாக 1,800 கிராம், நீர் 2,200 கிராம் எடுத்துப் பாகு காய்ச்சினேன். 45 விழுக்காடு சரியாக வந்தது. ஆறிய பின் 1 கிலோ சாற்றை அதில் ஊற்றினேன்.

பிழை அங்கேதான். சாற்றை நான் வெறும் மணமாகவும் சுவையாகவும் கருதினேனே அன்றி, அதுவும் ஒரு திரவம் என்று எண்ணவில்லை. 1 கிலோ ஆரஞ்சுச் சாற்றில் திடப்பொருள் ஏறத்தாழ 100 கிராம். மீதி 900 கிராமும் நீரே. ஆகவே கலவை 5 கிலோ ஆயிற்று. அதில் சாறு 20 விழுக்காடு. திடப்பொருள் 1,900 கிராம், அதாவது 38 விழுக்காடு. இரண்டும் விதிக்குக் கீழ். அதனினும் பெரிய கேடு ஒன்று உண்டு. புளிப்பேறாமல் காப்பது இந்த அளவுச் சர்க்கரையன்று. பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் என்னும் காப்புப்பொருளே. கிலோவுக்கு 0.6 கிராம் வீதம் 4 கிலோவுக்கென 2.4 கிராம் நிறுத்திருந்தேன். அது 5 கிலோவில் பரவி, கிலோவுக்கு 0.48 கிராம் ஆகிவிட்டது. அமிலம் மிகுந்த இடத்தில்தான் அது வலுவுடன் வேலை செய்யும், அமிலமும் நீர்த்துவிட்டிருந்தது.

முடிவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவதே முறை. 4 கிலோவில் சாறு 1 கிலோ. வேண்டிய திடப்பொருள் 1,800 கிராம். சாறு தருவது 100. நாம் சேர்க்க வேண்டியது 1,700. அமிலம் மொத்தம் 1 விழுக்காடு, அதாவது 40 கிராம் என்று கொண்டால், சாற்றிலேயே ஏறத்தாழ 7 கிராம் இருக்கும். ஆக, சிட்ரிக் அமிலம் 33 கிராம், சர்க்கரை 1,667 கிராம். எஞ்சிய 1,300 கிராம்தான் நீர். நான் ஊற்றியதோ 2,200. மிகையான 900 கிராமும் சாற்றுக்குள் ஏற்கெனவே இருந்த அதே நீர். அதனை இருமுறை ஊற்றியிருக்கிறேன்.

இங்கிலாந்தில் வீட்டுத் தேவைக்குப் பியர் காய்ச்ச 1963 முதல் உரிமம் தேவையில்லை. அங்குப் பழச்சாறு சேர்த்துக் காய்ச்சுவோரும் இதே கணக்கைப் போட்டாக வேண்டும். சாற்றின் அளவை முதலில் எடுக்கும் நீரில் கழிக்காவிடில் சரக்கு நீர்த்துப்போகும்.

இன்னொன்று. எல்லாவற்றையும் நிறுத்தே எடுங்கள், படியால் அளக்கவேண்டாம். 1 கிலோ சர்க்கரையை 1 லிட்டர் நீரில் கரைத்தால் 2 லிட்டர் வராது, ஏறத்தாழ 1.6 லிட்டரே வரும். மேற்சொன்ன 4 கிலோ ஸ்குவாஷும் சுமார் 3.3 லிட்டர்தான். 750 மில்லி பாட்டில் நான்கு நிரம்பி, ஒரு குவளை மிஞ்சும். ஐந்தாவது பாட்டிலும் நிரம்பி வழிந்தால் உங்கள் நீர்க்கணக்கை மறுபடி பாருங்கள்.

காப்புப்பொருளைச் சிறிது நீரில் கரைத்து, கலவை நன்கு ஆறிய பின் இறுதியில் சேர்க்கவேண்டும். ஆஸ்துமா உள்ளோர் சிலருக்கு அது ஒவ்வாது. அத்தகையோர் உள்ள வீட்டில் அதனைத் தவிர்த்து, சிறிதளவே செய்து, குளிர்ப்பெட்டியில் வைத்துச் சில நாளில் பருகிவிடலாம். எலுமிச்சைக்கு இக்கணக்கு சற்று மாறும். அதன் சாற்றில் அமிலம் 6 விழுக்காட்டளவு இருப்பதால், 1 கிலோ சாறே 60 கிராம் தந்துவிடும். சிட்ரிக் அமிலம் வாங்கவே வேண்டியதில்லை.