அடுத்த வீட்டுப் பூனை



தோட்டத்தில் அக்கம்பக்கத்தாரோடு மனத்தாங்கல் வருவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. வேலி தாண்டிய கோழி போதும். ஒரு பூனைகூடப் போதும். அடுத்த வீட்டில் பூனை இருக்கிறது. ஆனால் அதைக் கவனிப்பார் இல்லை. அது ஓயாமல் குட்டி போடுகிறது. குட்டிகள் நம் அடுப்படிக்கு வந்துவிடுகின்றன. அப்போது நாம் என்ன செய்வது? இதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

எங்கள் குடியிருப்பில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். வரிசையின் கடைசி வீட்டில் ஓர் அம்மா தனியாக இருக்கிறார். பால்மரம் வெட்டி, பிறகு செம்பனையில் உதிரிப்பழம் பொறுக்கி, ஓய்வு பெற்றவர். அவருடைய மகன் பட்டணத்துக்கு வேலைக்குப் போகும்போது, தான் வளர்த்த பெட்டைப் பூனையைத் தாயிடம் விட்டுப் போனான். அந்த அம்மா மிஞ்சிய சோற்றைக் கதவோரம் வைப்பார். அதற்கு மேல் என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் கையில் காசு இல்லை.

தைப்பூசத்தின்போது வரிசையில் இருந்தது ஒரே பூனை. சித்திரையில் நான்கு குட்டி. ஆவணியில் இன்னொரு நான்கு. தீபாவளிக்கு எண்ணிப் பார்த்தால் ஒன்பது! முதல் ஈற்றுக் குட்டிகளில் இரண்டு பெட்டைகள். அவையும் அதற்குள் சினையாகிவிட்டன.

பக்கத்து வீட்டில் காயப்போட்ட நெத்திலி காணாமற் போயிற்று. கைக்குழந்தையின் தொட்டிலில் குட்டிகள் படுத்துக் கிடந்தன. அந்த வீட்டுக்காரர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். மூன்றாம் முறை சத்தம் போட்டார். பிறகு ஒரு விடியற்காலை, சிறிய குட்டிகள் நான்கையும் சாக்கில் கட்டி, மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்ச் செம்பனைக் காட்டோரம் விட்டுவிட்டு வந்தார். அவருடைய மகள் அதைப் பார்த்துவிட்டாள்.

அன்று வகுப்பில் அந்தப் பிள்ளை வாய்ப்பாடு சொல்லவில்லை. நெடுநேரம் கழித்து, "அம்மா இல்லாம அதுங்க என்ன சார் சாப்பிடும்?" என்று கேட்டாள். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. மாலையில் ஆசிரியர்கள் இருவரும் சில பெற்றோரும் போய்த் தேடினோம். சாக்கு கிடைத்தது. குட்டிகள் கிடைக்கவில்லை.

அந்தத் தகப்பனார் கெட்டவர் அல்லர். வேறு வழி தெரியாமல் செய்தார். ஆனால் அதனால் என்ன பயன் கண்டார்? சில வாரங்களிலேயே தாய்ப்பூனை மறுபடியும் சினையாக இருந்தது. இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று போனது, அதுதான் மிச்சம்.

பூனை ஏன் இப்படிப் பெருகுகிறது? பெட்டைப் பூனை நாலைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் ஏறக்குறைய ஒன்பது வாரம். குட்டிகளுக்குப் பால் கொடுக்கும்போதே மீண்டும் சினையாகக் கூடியது. குளிர்நாடுகளில், பகல் குறுகும் மாதங்களில் பூனை பருவத்துக்கு வருவதில்லை. வெளிச்சம் நீளும்போதுதான் வரும். நம் நாடோ நிலநடுக்கோட்டை ஒட்டியது. ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம். ஆகவே பூனைக்கு ஓய்வுக் காலமே இல்லை.

கடுவன் பூனைகளும் சும்மா இருப்பதில்லை. பெட்டையைத் தேடிச் சுற்றும், இரவெல்லாம் சண்டையிடும், சுவரிலும் வாசற்படியிலும் நெடி பிடித்த சிறுநீரைப் பீய்ச்சும். கடிபட்ட புண் சீழ் பிடித்து அலையும்.

இதற்கெல்லாம் ஒரே மருந்து கருத்தடை அறுவைதான். மாட்டுக்குக் காயடிப்பதை நம் பெரியவர்கள் அறிவார்கள். பூனைக்கும் அப்படித்தான். மலாய்க்காரர்கள் 'கெம்பிரி' என்பார்கள். எந்தக் கால்நடை மருத்துவமனையிலும் அந்தச் சொல்லைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். ஆணுக்கு விதையை நீக்குவார்கள். பெட்டைக்குச் சூலகத்தையும் பெரும்பாலும் கருப்பையையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். மயக்கம் கொடுத்துச் செய்வதால் அறுக்கும்போது வலி தெரியாது.

"ஒரு தடவையாவது குட்டி போடட்டும், பாவம்" என்று சிலர் சொல்வதுண்டு. அதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. முதல் பருவத்துக்கு முன்பே அறுவை செய்த பெட்டைக்கு மார்பில் புற்றுக்கட்டி வரும் வாய்ப்பு மிகவும் குறைகிறது. கருப்பையை எடுத்துவிட்டால் அங்கே சீழ் கட்டும் அபாயமும் இல்லை. "அறுத்த பூனை எலி பிடிக்காதே" என்பார்கள். பிடிக்கும். வேட்டைக்குணம் கருப்பையில் இல்லை.

சரி, பூனை அடுத்த வீட்டாருடையதாயிற்றே! இங்கேதான் நிதானம் வேண்டும். அவரைக் கேட்காமல் தூக்கிக்கொண்டு போய் அறுத்துவிடக் கூடாது. நல்லது செய்யப் போய் வம்பில் முடியும். முதலில் பேச வேண்டும். அந்தப் பேச்சைக் குற்றச்சாட்டாகத் தொடங்கக் கூடாது.

நாங்கள் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனபோது, நெத்திலியைப் பற்றியோ தொட்டிலைப் பற்றியோ பேசவில்லை. "என்னங்கம்மா, பூனை ரொம்ப இளைச்சுப் போச்சே" என்றோம். அவர் கண் கலங்கிவிட்டது. "மவன் விட்டுட்டுப் போனது வாத்தியாரே. போன் போட்டா முதல்ல அதைத்தான் கேக்கிறான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போக எனக்கு ஏது காடி, ஏது காசு?" என்றார். கவனிப்பு இல்லை என்று நாம் நினைத்த இடத்தில் இருந்தது வழியின்மை!

ஆகவே, "பூனையைக் கட்டி வையுங்கள்" என்று சொல்வதைவிட, "நாங்கள் கூட்டிப்போய் வருகிறோம், சம்மதமா?" என்று கேட்பது மேல். நான்கு வீடுகள் செலவைப் பங்கிட்டுக்கொண்டோம். கார் வைத்திருந்த இளைஞர் எண்ணெய்க் காசுகூட வாங்கவில்லை. செலவு இடத்துக்கு இடம் வேறுபடும். முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். அரசாங்கக் கால்நடை மருத்துவமனைகளிலும் விலங்கு நலச் சங்கங்களிலும் பொதுவாகத் தனியாரிடத்தைவிடக் குறைவு.

கொண்டு போவதற்கு மூடியுள்ள கூடை வேண்டும். மேலே துணி போட்டு மூடினால் பூனை மிரளாது. சாக்கில் கட்டக் கூடாது. அறுவைக்கு முன்பு எத்தனை மணி நேரம் உணவு கொடுக்கக் கூடாது என்பதை மருத்துவரிடம் கேட்டு அப்படியே நடக்க வேண்டும். திரும்பியதும் ஏறக்குறைய பத்து நாள் ஈரமில்லாத இடத்தில் அடைத்து வைத்து, தையலை நக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வலிக்கிறதே என்று நம் வீட்டுப் பெனடோலைக் கொடுத்துவிடாதீர்கள்; அது பூனையைக் கொன்றுவிடும். கடுவனுக்கு அறுவைக்குப் பிறகும் சில வாரம் சினைப்படுத்தும் சக்தி இருக்கும். பால் குடிக்கும் குட்டிகள் இருந்தால், அவை எட்டு வாரம் ஆகிப் பால் மறந்த பிறகு தாயைக் கொண்டு போகலாம். அதுவரை அதைக் கடுவன் நெருங்காமல் உள்ளே வைத்திருப்பது நல்லது.

நம் வீட்டையும் நாம் காக்க வேண்டும் அல்லவா? கருவாட்டை மூடியுள்ள கூடையில் காய வையுங்கள். பிள்ளைகள் விளையாடும் மணலை மூடி வையுங்கள். பூனைக் கழிவிலுள்ள கொக்கிப்புழு வெறுங்காலின் தோலில் புகுந்துவிடும். கர்ப்பிணிப் பெண்கள் பூனைக் கழிவை அள்ள வேண்டாம். அதிலுள்ள ஒருவகைக் கிருமி வயிற்றிலுள்ள சிசுவைத் தாக்கக் கூடும். வேறொருவர் அன்றன்றே அள்ளிவிட வேண்டும். பூனை கடித்தாலோ பிராண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, மருத்துவரிடம் காட்டுங்கள். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கிலும், 2017-இல் சரவாக்கிலும் வெறிநோய் தலைகாட்டியதை நாம் மறக்கக் கூடாது. அந்நோய் பெரும்பாலும் நாய்க்கடியால் வருவது, பூனைக்கடியாலும் வரலாம்.

எக்காரணத்தைக் கொண்டும் விஷம் வைக்காதீர்கள். அது குழந்தையின் கைக்கும் போகும். கோழியின் வாய்க்கும் போகும். அது சட்டப்படியும் குற்றம். நம் நாட்டின் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் 2017-இல் நடைமுறைக்கு வந்தது. விலங்கை வதைத்தால் 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். வளர்ப்பவர் உணவும் நீரும் தங்க இடமும் கொடுக்க வேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது. பேசிப் பார்த்தும் ஒருவர் பூனையைப் பட்டினி போட்டு வதைத்தால், கால்நடைச் சேவைத் துறைக்குத் தெரிவிக்கலாம். ஆனால் அது கடைசிப் படி. முதல் படியே அதுவாகிவிட்டால், பக்கத்து வீட்டுக் கதவு நமக்கு மீண்டும் திறக்காது.

எங்கள் வரிசைக் கதையை முடித்துவிடுகிறோம். தாயும் இரண்டு பெட்டைகளும் அறுவை முடிந்து நலமாக இருக்கின்றன. பெட்டைகள் ஏற்கெனவே ஈன்ற குட்டிகளைப் பால் மறந்த பின் நல்ல வீடுகளுக்குக் கொடுத்தோம். தாய்ப்பூனையின் செலவில் ஒரு பங்கைக் கொடுத்தவர், சாக்குக் கட்டிய அந்தத் தகப்பனார்தான். யாரும் அவரைக் கேட்கவில்லை. தாமாகவே கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய மகள் இப்போது பள்ளி விட்டதும் கடைசி வீட்டுக்கு ஓடுகிறாள். பூனைத் தட்டில் தண்ணீர் ஊற்றுவது அவள் வேலை.

நேயர்களே, உங்கள் வரிசையிலும் அப்படி ஒரு பூனை இருக்கலாம். அதை விரட்டுவதற்கு முன், அந்த வீட்டுக் கதவை ஒருமுறை தட்டிப் பாருங்கள்.